மனிதனும் யந்திரத் தோழனும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



றோபோ எனப்படும் யந்திரமும் மனிதரும் ஒரே அணியாக நின்று வேலை செய்யுமிடத்து, அவர்களுக்கிடையே நம்பிக்கை எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம். கண்டி மலைகளில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு.

றோபோ என்ற பெயர், செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகமொன்றில் பிறந்தது. கட்டாய ஊழியம் என்னும் பொருள்தரும் செக் சொல்லே அதன் வேர். துண்டுக் கடனிற் கட்டுண்டு உழைத்தோரின் வழிவந்தவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அச்சொல்லின் கனம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலுள்ள மோட்டார் தொழிற்சாலை ஒன்றில், கொதிக்கும் உலோக வார்ப்புகளைத் தூக்கிவைக்க முதலாவது தொழிற்சாலை றோபோ அமர்த்தப்பட்டது.

நம் மலைநாட்டிலும் யந்திரம் புதியதன்று. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஆரம்பத்தில் பங்களா விறாந்தையில் மேசையிட்டு, கையாலேயே கொழுந்தை உருட்டினார்கள். பின்னர் உருட்டும் யந்திரம் வந்தது. 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. அங்கே சென்றால் அந்தப் பழைய யந்திரங்களைக் காணலாம். இன்றைய தொழிற்சாலைகளில் 'கலர் சோட்டர்' என்னும் யந்திரம் இருக்கிறது. கமெராவினால் ஒவ்வொரு துணுக்கையும் பார்த்து, காம்பையும் நாரையும் காற்றினால் ஊதி விலக்குகிறது. முன்பு பெண்கள் குனிந்திருந்து கையாற் பொறுக்கிய வேலை அது. ஆயினும் அதன் அளவைத் திருத்திவைப்பவரும், இறுதியில் தூளைப் பார்த்துச் சுவைத்து முடிவு சொல்பவரும் மனிதரே. இதுவும் ஓர் அணிதான்.

இத்தகைய அணியிலே இரண்டு குற்றங்கள் நேரலாம். ஒன்று, அளவுக்கு மிஞ்சி நம்புதல். 2016இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்விக்கழக ஆய்வாளர் ஒரு பரிசோதனை செய்தனர். கட்டடமொன்றிற் புகையெழுப்பி, அபாயமணி அடித்து, றோபோ ஒன்றை வழிகாட்ட விட்டனர். கலந்துகொண்ட 26 பேரும் தாம் உள்ளே வந்த வாசலை விட்டு, அது காட்டிய வழியே சென்றனர். சற்று முன்னரே அது வழி தடுமாறியதைக் கண்டவர்களும் அவர்களுள் இருந்தனர்! 2018இல் அரிசோனாவில், தானே ஓடும் பரீட்சார்த்தக் கார் ஒன்று வீதியைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. காவலுக்கென ஆசனத்தில் இருந்தவரின் கண் கைத்தொலைபேசியில் இருந்தது.

மற்றக் குற்றம், நம்பவேண்டிய இடத்திலும் நம்பாமை. நல்ல யந்திரம் நச்சுக்காற்று இருக்கிறதென்று எச்சரிக்கையில், "இது இப்படித்தான் கத்தும்" என்று மணியை நிறுத்துபவனும் உயிரோடு விளையாடுகிறான். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரத்திற் காட்டிய கருத்து. அரசன் அமைச்சரைத் தெரிவதற்குச் சொன்ன நெறி, யந்திரத்தைத் தெரிவதற்கும் பொருந்தும்.

நல்ல உதாரணம் ஒன்று அயலிலேயே உண்டு. 2015 நவம்பரில் கேரளத்துக் கோழிக்கோட்டில், பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய இரு தொழிலாளரும், அவர்களைக் காப்பாற்றப் பாய்ந்த ஓட்டோச் சாரதி ஒருவரும் மாண்டனர். கையால் மலமள்ளும் தொழிலில் ஆட்களை அமர்த்தலாகாதென இந்தியா 2013இல் சட்டம் செய்திருந்தும் சாவு நிற்கவில்லை. இந்த நிலைமை கேரளத்து இளம் பொறியியற் பட்டதாரிகள் சிலரின் நெஞ்சைத் தொட்டது. அவர்கள் அமைத்த 'பண்டிக்கூட்' என்னும் றோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. பின்னர் தமிழ்நாட்டு நகரங்களுக்கும் சென்றது.

அதன் கால்கள் குழிக்குள் இறங்குகின்றன. கமெரா உள்ளே இருப்பதைக் காட்டுகிறது. நச்சு வாயுவை அறியும் கருவியும் உண்டு. இவற்றினும் மேலாக நான் மதிப்பது வேறொன்று. குழிக்குள் இறங்கிவந்த தொழிலாளருக்கே பயிற்சி கொடுத்து, அதனை இயக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். சாக்கடையின் குணமறிந்தவர் மேலே நிற்கிறார். விஷக்காற்றுப்படாத யந்திரம் கீழே இறங்குகிறது. வேலையைப் பறிக்கவந்த எதிரியாக இல்லாமல் தன் உயிரைக் காக்கும் துணையாக அது வந்தபடியால், அதனை நம்புவதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது.

கண்டிப் பெரஹராவில் யானையோடு நடக்கும் பாகனைப் பார்த்திருப்பீர்கள். நாள்தோறும் குளிப்பாட்டி, உணவூட்டி, அதன் குணமறிந்து பழகியதனால் அவன் யானையை நம்புகிறான். மதம்பிடிக்கும் அறிகுறியையும் அவன் அறிவான். அக்காலத்தில் அதை வீதிக்குக் கொண்டுவரமாட்டான். எப்போது நம்பலாகாது என்று தெரிந்தவனுடைய நம்பிக்கையே உறுதியான நம்பிக்கை.

ஆகவே, யந்திரத்தோடு வேலைசெய்வோர் கேட்டுப்பெற வேண்டியவை நான்கு. யந்திரம் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்பது அருகில் நிற்பவருக்கு, அவருடைய மொழியிலேயே தெரியவேண்டும். அதனை உடனே நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்கவேண்டும். அது எவ்விடத்திற் பிழைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கவேண்டும். பிழைத்தால், பழியை ஏழைத் தொழிலாளியின் தலையிற் கட்டலாகாது. கொழுந்து நிறுக்கும் தராசை எண்ணிப் பாருங்கள். நிறுப்பவர் மட்டும் நிறையைக் கண்டால் சந்தேகம் வளரும். பறித்தவளும் கண்டால் நம்பிக்கை வளரும். எண்களாற் காட்டும் மின்தராசு வந்தாலும் நியாயம் இதுவே.

ஆயுத பூசையன்று தொழிற்சாலை யந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டிட்டுக் கும்பிடுகிறோம். அது நல்ல வழக்கம். கருவியை மதிப்பது உழைப்பை மதிப்பதாகும். ஆனால், பொட்டிட்ட மறுநாள் ஆணி கழன்றிருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

இளைஞர்களே! பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே சென்று, யந்திரத்தை இயக்குவோராக மட்டுமன்றி ஆக்குவோராகவும் வரவேண்டும். கொழுந்துக்கூடையின் பாரத்தை வீட்டிலே கண்டறிந்த பிள்ளை யந்திரம் அமைத்தால், அது சுமப்பவரின் முதுகை மறவாது. பெரியோர்களே! தொழிலில் நீங்கள் பெற்ற அநுபவத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். எந்த யந்திரமும் தானாக அறியாத அறிவு அது.