இறக்கையில் படிந்த புகை



பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெட்டியைத் திறந்தால் சட்டங்களோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னப் பாகங்கள் இருக்கும். வெட்டியெடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் விமானம் தயார். ஆனால் அது தொழிற்சாலையை விட்டு அன்றுதான் வெளியே வந்த விமானம் போல இருக்கும். பறந்து, நனைந்து, காய்ந்து, புகை படிந்த விமானமாக அதை மாற்றுவது தனி வேலை. வெதரிங் என்று சொல்வோம். இன்று அந்த வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஆவ்ரோ நிறுவனத்தில் ராய் சாட்விக் வடிவமைத்தது. 1941 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. நான்கு மெர்லின் எஞ்சின், ஏழு பேர் கொண்ட குழு, இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 31 மீட்டர். இதை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 43 சென்டிமீட்டர் வரும். சாப்பாட்டு மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும். 72-இல் ஒரு பங்கு என்ற இந்தக் கணக்கு இங்கிலாந்தில் 1930-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. ஆறடி ஆள் ஓர் அங்குலமாகிவிடுவார் என்பதால் அடி, அங்குலத்தில் அளந்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

அளவு சுருங்கும்போது கண் நம்மை ஏமாற்றும். மாடலை 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்றால், உண்மையான விமானத்தைச் சுமார் 22 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் கறுப்பு முழுக் கறுப்பாகத் தெரியாது.  லான்காஸ்டரின் அடிப்பக்கம் முழுக்க இரவுக்கான கறுப்பு. டப்பாவில் இருக்கும் கறுப்பை அப்படியே அடித்தால் மாடல் பொம்மையாகிவிடும். கொஞ்சம் சாம்பலும், துளி பழுப்பும் கலந்து அடித்தால்தான் அந்த உடம்புக்கு எடை வருகிறது.

தகடுகள் சேரும் கோடுகளையும் கவனிக்க வேண்டும். மாடலில் அவற்றைப் பள்ளமாகக் கீறியிருப்பார்கள். 0.3 மில்லிமீட்டர் அகலம்தானே என்று தோன்றும். 72-ஆல் பெருக்கிப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. விரல் நுழையும் இடைவெளி! அப்படி இடைவெளி விட்டு யாரும் விமானம் கட்டியதில்லை. அந்தப் பள்ளங்களில் கறுப்பு மையை ஓடவிட்டு, எல்லாக் கோட்டையும் ஒரே அழுத்தத்தில் எடுத்துக்காட்டும் பழக்கம் மாடல் கட்டுபவர்களிடையே பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறிய விமானத்திலாவது கண் மன்னிக்கும். பெரிய விமானத்தை அது கட்டம் போட்ட லுங்கியாக்கிவிடும். திறந்து மூடும் பாகங்களில் மட்டும், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதிகளிலும் குண்டு அறைக் கதவுகளிலும் எஞ்சின் மூடிகளிலும், கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் போதும். மற்ற இடங்களில் அடிப்படை நிறத்தையே ஒரு படி கறுப்பாக்கி, நீர்க்கக் கரைத்து ஓடவிடலாம்.

இனி புகைக்கு வருவோம். லான்காஸ்டர் மாடலில் நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

ஒவ்வொரு மெர்லின் எஞ்சினுக்கும் இரண்டு பக்கமும் புகைக்குழாய் வரிசை உண்டு. நான்கு எஞ்சினுக்கு எட்டு வரிசை. இறக்கையின் மேலும் கீழும் பின்னோக்கி வழிந்து கிடக்கும் புகைத் தடங்கள் இவற்றிலிருந்து வந்தவை. இது அடுப்புக்கரி நிறம் என்று நினைத்தால் தவறு. எஞ்சின் இடிக்காமல் ஓடுவதற்காக அன்றைய விமான பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தார்கள். அது எரிந்தபின் ஈயத்தின் உப்புகள் வெளிர்சாம்பலாகப் படியும். ஆகவே தடத்தின் ஓரம் கரும்பழுப்பு; நடுவில், சூடு அதிகம் பாய்ந்த இடத்தில், ஏறக்குறைய வெள்ளை. நீண்ட தூரம் சிக்கனமாக ஓட்டிய எஞ்சினில் இந்த வெளுப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். இன்னொன்று, எட்டுத் தடமும் ஒரே மாதிரி இருக்காது. நான்கு உந்துவிசிறிகளும் ஒரே திசையில் சுழல்வதால், சுழன்று வரும் காற்று எஞ்சினின் ஒரு பக்கப் புகையை மேலே ஏற்றும், மறுபக்கப் புகையைக் கீழே அழுத்தும். கண்ணாடியில் பார்த்தது போல இடமும் வலமும் சமமாகத் தீட்டிய மாடலைப் பார்த்ததுமே, செய்தவர் புகைப்படத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

செய்முறை எளிது. முதலில் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். தூள் பிடிக்க மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். ஐப்பசி மழை நாட்களில் லாக்கர் வார்னிஷைத் தெளித்தால் ஈரம் கோத்து வெள்ளை பூத்துவிடும். வெயில் வரும்வரை பொறுப்பது நல்லது. ஓவியர்கள் பயன்படுத்தும் பாஸ்டல் கட்டியில் கரும்பழுப்பை உப்புத்தாளில் உரசித் தூளாக்கி, மெல்லிய பிரஷால் குழாய் வாயிலிருந்து பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கவே கூடாது, காற்று ஒரு பக்கம்தான் அடித்தது. பிறகு வெளிர்சாம்பல் தூளைத் தடத்தின் நடுவே, முதல் தடத்தைவிட ஒடுக்கமாக வைக்க வேண்டும். மிகையானால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் துடைத்துவிடலாம். குழாய்களின் மேல் உலோக மூடிகள் இருந்தால் அவற்றுக்குத் துரு கலந்த பழுப்பு. எஞ்சின் நெருப்பு இருட்டில் எதிரிக்குத் தெரியாமலிருக்க மாட்டப்பட்ட மூடிகள் அவை.

புகைக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் பிடித்தது உரிந்த பெயின்ட். வெள்ளிப் பென்சிலை எடுத்து இறக்கை முழுக்கப் புள்ளி வைத்துத் தள்ளிவிடுவார்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். மாடலில் ஒரு மில்லிமீட்டர் உரிந்தால், உண்மை விமானத்தில் ஏழு சென்டிமீட்டர் உரிந்ததாகப் பொருள். அதைவிட முக்கியமாக, அந்த விமானம் எத்தனை நாள் உயிரோடிருந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். புதிதாக வந்த லான்காஸ்டர் சில வாரங்களிலேயே திரும்பாமல் போவது வழக்கமாக இருந்தது. வெயிலில் வெளுக்கவும் பெயின்ட் உதிரவும் அவற்றுக்குக் காலமே கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட விமானத்தைக் கட்டும்போது நிறம் புதிதாகவே இருக்க வேண்டும். எஞ்சின் புகையும், சக்கரத்தில் லிங்கன்ஷயர் தளத்துச் சேறும், ஆட்கள் ஏறி நடந்த இடத்தில் பூட்ஸ் தடமும் போதும். கிழடாக்கிக் காட்டினால், அது வாழாத வயதை அதற்குக் கொடுத்ததாகும். அந்தக் குழுவினருக்கும் அதே பொய்யைச் சொன்னதாகும்.

இதற்கு நேர் எதிரான விமானம் ஒன்று நம் பக்கத்திலேயே இருந்தது. அரக்கோணத்துக்காரர்கள் அதன் உறுமலை மறந்திருக்க மாட்டார்கள். ரஷ்யாவின் துபலேவ் 142, நீர்மூழ்கிகளைத் தேடும் கண்காணிப்பு விமானம். எட்டு விமானங்கள் வாங்கினோம். 1988-இல் கோவாவுக்கு வந்து, 1992-இல் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்துக்கு மாறி, 2017 மார்ச் 29 அன்று அங்கேயே ஓய்வு பெற்றன. 29 ஆண்டுப் பணி. இறக்கை 50 மீட்டர். எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை உந்துவிசிறி, ஆக மொத்தம் 32 விசிறி அலகுகள். 144-இல் ஒரு பங்காகச் செய்தாலும் 35 சென்டிமீட்டர் வருகிறது, அந்த 32 அலகுகளையும் ஒவ்வொன்றாகத் தீட்டித்தான் ஆக வேண்டும். இதற்கு வெளுப்பு பொருந்தும். சாம்பல் நிறத்தையே நான்கைந்து சாயையாகக் கலந்து, பழுதுபார்த்த தகடு ஒன்று புதிதாகவும் பக்கத்துத் தகடு பழையதாகவும் தெரியும்படி அடிக்கலாம். டர்பைன் புகை ஈயமில்லாத கரிப்புகை. எஞ்சின் கூடுகளின் பின்புறம் நீளமாகக் கறுத்திருக்கும். 144-இல் ஒரு பங்கில் பென்சில் புள்ளி ஒன்றுகூட உள்ளங்கை அகலத்துக்கு உரிந்ததாகிவிடும் என்பதால், இங்கே வெள்ளிப் பென்சிலை நான் தொடுவதே இல்லை.

இந்த வகை விமானம் ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் 2017 டிசம்பரிலிருந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறியே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். உருவத்தையும் பிரமாண்டத்தையும் அங்கே கற்றுக்கொள்ளலாம். அழுக்கை மட்டும் அங்கே கற்கக் கூடாது. ஓய்வுக்குப் பிறகு அடித்த பெயின்ட் வேறு, நின்ற இடத்தில் படிந்த கடலுப்பு வேறு. பறந்த காலத்துப் புகைப்படம்தான் சாட்சி.

லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்து லான்காஸ்டருக்கும் இது பொருந்தும். ஆர் 5868 என்ற எண் கொண்ட அந்த விமானம் 137 தாக்குதல்களுக்குப் போய்த் திரும்பியது. போருக்குப் பின் ஸ்கேம்ப்டன் தள வாசலில் காட்சிப்பொருளாக வெயிலிலும் மழையிலும் நின்று, 1972-இல் ஹெண்டனுக்கு வந்தது. 83-ஆவது ஸ்குவாட்ரனில் இருந்தபோது அதற்கு கியூ என்ற எழுத்து. பிறகு ஆஸ்திரேலியர்களின் 467-ஆவது ஸ்குவாட்ரனில் எஸ். மூக்கின் இடப்பக்கம், போய்வந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டு உருவம் வரிசை வரிசையாக. எதிரி விமானம் ஒன்றுகூட ஜெர்மனியின் மேல் பறக்காது என்று ஜெர்மன் விமானப்படைத் தளபதி கோரிங் சொன்ன வாய்ச்சவடாலையும் கீழே எழுதி வைத்தார்கள். அந்த வரிசைகளில் எனக்குப் பெருமிதம் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் கீழே ஒரு ஊர் இருந்தது, அதில் தூங்கிக்கொண்டிருந்த வீடுகளும் இருந்தன. அந்தச் சின்ன உருவங்களை ஒட்டும்போது இதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

இந்த விமானத்தைக் கட்டுபவர் பெயின்டைத் திறக்குமுன் ஒரு தேதியை முடிவு செய்ய வேண்டும். 137 குண்டும் வேண்டுமென்றால் அது போரின் கடைசி நாட்கள்; நிறம் வெளுத்து, பல இடங்களில் ஒட்டுப்போட்டு, புகை படிந்திருக்கும். 1942 வேண்டுமென்றால் எழுத்து கியூ, குண்டு வரிசை குட்டை, பெயின்ட் புதிது. நான் தேர்ந்தெடுப்பது 1944 மே மாதத்தை. வாடிங்டன் தளத்தில் அதன் நூறாவது தாக்குதலைக் கொண்டாடிய நேரம் அது. தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கலில் 137-உம் ஒரே தாளாக அச்சாகியிருந்தால், ஊறவைக்குமுன் கூர்மையான பிளேடால் நூறுக்கு மேலிருப்பதை வெட்டி எடுத்துவிட வேண்டும். ஈரமான பிறகு வெட்டினால் மெல்லிய படலம் சுருண்டு கிழிந்துவிடும்.