நமக்குன்னு ஒரு அரை மணி நேரம்



உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பிரஷர் பார்க்கிற மெஷினைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வர்றது நான்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினாங்க. அந்தத் திட்டத்துல வீட்டுக்கு வீடு போகிற வேலைக்கு நம்ம மாதிரி குழுப் பெண்களையே எடுத்தாங்க. அப்படி வந்தவதான் நானும். மாத்திரையைக் கொடுத்துட்டு, "தினமும் கொஞ்சம் நடங்கக்கா"ன்னு சொல்லுவேன். எந்த ஊருக்குப் போனாலும் ரெண்டே பதில்தான். ஒண்ணு, "நாள் பூரா நடந்துக்கிட்டுத்தானே அம்மணி இருக்கேன்." இன்னொண்ணு, "நேரம் எங்க இருக்குது?"

முதல் பதிலைப் பாதி ஒத்துக்கிறேன். வாழைத் தோட்டத்துல தார் சுமக்கிறவங்க, களை வெட்டுறவங்க, நூறு நாள் வேலையில மண் எடுக்கிறவங்க, இவங்களை நான் நடக்கச் சொல்லவே மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்புக்கு வேலை வேணும்னு சொல்லுது. அவங்க அதை ரெண்டு நாள்ல முடிச்சிடுவாங்க. அவங்களுக்கு வேண்டியது ஓய்வு. ஆனா நம்மள்ல எத்தனை பேர் இன்னிக்குக் காட்டு வேலைக்குப் போறோம்? தையல் மெஷின்ல உட்கார்ந்திருக்கோம், கடையில உட்கார்ந்திருக்கோம், குழுக் கணக்கு எழுதறோம், வெத்தலையை நிழல்ல உட்கார்ந்து கட்டுக் கட்டறோம். அடுப்படிக்கும் வாசலுக்கும் போறது கால் வலிக்கும், ஆனா மூச்சு வாங்காது. நடந்துக்கிட்டே பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கு.

2023-ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 20 வயசுக்கு மேல இருக்கிறவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்குச் சர்க்கரை. அதாவது ஏழு பேருக்கு ஒருத்தர். உங்க குழுவுல எத்தனை பேருன்னு நீங்களே எண்ணிப் பாருங்க. நடக்கும்போது தொடையிலயும் கெண்டைக்காலிலயும் இருக்கிற தசை, ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை இழுத்துச் செலவு பண்ணுது. அதனாலதான் சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் நடந்தாக்கூட, சோத்துனால ஏறுற சர்க்கரை கொஞ்சம் மட்டுப்படுது.

இப்போ அந்த ரெண்டாவது பதிலுக்கு வர்றேன். நேரம் இல்லைன்னு சொல்றது சாக்குப்போக்கு இல்லீங்க. 2019-ல மத்திய அரசு நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. சம்பளமில்லாத வீட்டு வேலையில ஈடுபடுற பெண் ஒரு நாளைக்கு அதுக்குச் செலவழிக்கிறது 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். இடையில இருக்கிற 202 நிமிஷத்துல ஒரு முப்பதை இந்தப் பக்கம் நகர்த்தணும். இதை "காலையில சீக்கிரம் எந்திரிங்க"ன்னு சொல்லித் தீர்க்க முடியாது. நாலரைக்கு எந்திரிக்கிறவளை நாலு மணிக்கு எழுப்பினா அவ தூக்கம்தான் போகும். மாட்டுக்குத் தண்ணி காட்டறதோ, சொசைட்டிக்குப் பால் கொண்டு போறதோ, ஏதாவது ஒரு வேலை வீட்டுல இன்னொருத்தர் கைக்குப் போகணும்.

நேரம் கிடைச்சாலும் இன்னொரு தடை இருக்குது. எங்க பக்கத்து ஊர்ல ஒரு அக்கா தினமும் சாயங்காலம் நடக்கிறாங்க. கையில எப்பவும் ஒரு தூக்குப்போசி. பால் வாங்கப் போறாங்கன்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சேன். ஒரு நாள் வாங்கிப் பார்த்தா காலிப் போசி. "சும்மா நடந்தா எங்கே போறேன்னு கேப்பாங்க. போசி இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க"ன்னாங்க. வீட்டு ஆம்பளைங்க அஞ்சு மணிக்கு வாக்கிங்னு கிளம்பி, டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து ஆறரைக்கு வந்தாலும் கேள்வி இல்லை. நாம நம்ம உடம்புக்காக நடக்கறதுக்கு ஒரு காலிப் பாத்திரம் சாட்சிக்கு வேணுமாம்.

அந்தக் கேள்வியைத் தனியா ஒருத்தி நின்னு சமாளிக்கறது கஷ்டம். நாலு பேரு சேர்ந்து போனா அதுவே பதில். இது நமக்குப் புதுசு இல்லை. 1989-ல தர்மபுரியில குழுக்கள் ஆரம்பிச்சு, பிறகு நாமக்கல்லும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்துக்கு வந்தப்போ, பேங்குக்குப் போறதுக்கும் இதே கேள்விதான் கேட்டாங்க. குழுவா போனாங்க, கேள்வி நின்னு போச்சு. அந்த அக்காவும் இப்போ மூணு பேரைச் சேர்த்துக்கிட்டு வெறுங்கையோட வர்றாங்க.

அரை மணி நேரம் ஒரேயடியா கிடைக்கலைன்னா, மூணு பத்து நிமிஷமா பிரிச்சுக்கோங்க, அதுவும் சேரும். போன்ல பத்தாயிரம் அடி வரலைன்னு சின்னப் பொண்ணுங்க கவலைப்படறாங்க. அந்தப் பத்தாயிரம், 1965-ல ஜப்பான்ல அடி எண்ணுற கருவி வித்த ஒரு கம்பெனி வச்ச பேரு. 2019-ல அமெரிக்காவுல வயசான பெண்களைப் பார்த்த ஆய்வுல, நாளைக்கு 4,400 அடி நடந்தவங்களுக்கே 2,700 அடி நடந்தவங்களைவிட நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது. 7,500-க்கு மேல கூடுதல் லாபம் பெருசா தெரியலை. அரசாங்கம் "நடப்போம் நலம் பெறுவோம்"னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை போட்டிருக்குது, 2023 நவம்பர்ல தொடங்கினது. நல்ல விஷயம்தான். ஆனா பரமத்தி வேலூர்ல இருந்து பஸ் ஏறிப் போய் நடக்க முடியுமா? நமக்கு ராஜா வாய்க்கால் கரை இருக்குது, பள்ளிக்கூட மைதானம் இருக்குது, ஊருக்குள்ள வீதி இருக்குது.

பைபாஸ் ரோட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம். வாய்க்கால் கரையில இருட்டுல போனா டார்ச் வேணும், பூச்சி பொட்டு இருக்கும். நகையைக் கழட்டி வீட்டுல வச்சிடுங்க. சர்க்கரை இருக்கிறவங்க வெறுங்காலோட நடக்கவே கூடாது. கால் மரத்துப் போயிருந்தா முள் குத்தினதே தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். சேலைக்குக் கேன்வாஸ் ஷூ போட்டா சிரிப்பாங்கதான், சிரிக்கட்டும். இன்சுலின் போடறவங்க, சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்க வெறும் வயித்துல கிளம்பாதீங்க. முந்தானையில ஒரு துண்டு வெல்லம் முடிஞ்சுக்கோங்க, படபடன்னு வந்து வேர்த்தா உடனே வாயில போடலாம். பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தை பக்கத்துல இருக்கறவங்களுக்கு வெல்லத்துக்கா பஞ்சம்? நெஞ்சுல பாரம் அழுத்தினா அங்கேயே உட்கார்ந்துடுங்க, கூட இருக்கிறவங்க 108-ஐக் கூப்பிடணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துல சேமிப்பு, கடன் தவணை எழுதின பிறகு, தீர்மான நோட்டுல ஒரு வரி சேர்க்கணும். யார் யார் சேர்ந்து நடக்கிறோம், எத்தனை மணிக்கு, எந்த வழி. அதுக்குக் கீழேயே, அந்த நேரத்துல அவங்க வீட்டு வேலையை யார் பார்த்துக்கிறாங்கன்னு பேரோட எழுதுங்க. புருஷன் பேரோ மகன் பேரோ, எதுவா இருந்தாலும் எழுதுங்க. மாசம் ஒரு தடவை நான் மெஷினோட வருவேன், வந்து பிரஷரையும் பார்ப்பேன், அந்த நோட்டையும் பார்ப்பேன்.