வைப்பதும் மீட்பதும்



தரவுத்தளத்திற்குக் காப்புப்படி எடுத்து வைத்தல், ஏடு பெயர்த்தெழுதுவதற்கு ஒப்பான பணி. மூலம் செல்லரித்தாலும் படி பிழைத்திருக்க வேண்டும். அப்படிகளை ஆண்டுக்கணக்கில் குறைந்த செலவில் வைத்திருக்க மேகச் சேமிப்பகங்கள் உள்ளன. (மேகம் என்பது பெயரளவில்தான், அவை தரையில் நிற்கும் கட்டடங்கள்.)

அமேசான் நிறுவனம் 2012-இல் ‘கிளேசியர்’ எனப் பனியாற்றின் பெயரால் ஒரு சேமிப்பகத்தைத் தொடங்கிற்று. ஒரு ஜிகாபைட்டுக்குத் திங்கள் வாடகை 1 சென்ட். 2019-இல் வந்த ‘டீப் ஆர்க்கைவ்’ அதனைப் பத்தில் ஒரு பங்காக்கிற்று. 1000 ஜிகாபைட்டுக்கு மாதம் ஏறத்தாழ 1 டாலரே. மலிவுதான், ஐயமில்லை. எனினும் கேட்டவுடன் படி கைக்கு வாராது; 12 மணி நேரம் வரை, மிகக் குறைந்த கட்டண வழியிலாயின் 48 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். 180 நாளைக்குள் அழித்தாலும் அத்தனை நாளுக்கும் வாடகை உண்டு. ஆதலின் மாதந்தோறும் கழித்துவிடும் படிகளுக்கு அவ்விடம் உகந்ததன்று. அமெரிக்க மையங்களின் கட்டணப்படி, வெளியே இறக்கிக்கொள்ள ஜிகாபைட்டுக்கு 9 சென்ட் அளவில் ஆகிறது. ஒருமுறை முழுமையாக மீட்கும் செலவு ஏழாண்டு வாடகைக்குக் குறையாது!

பணம் போனால் போகட்டும். வைத்ததாக எண்ணிய படியே இல்லாதிருந்தால்?

2017 சனவரி 31-ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில் அதுவே நிகழ்ந்தது. பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தளம் என்று கருதி முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5. சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தால் அங்கும் வெறுமை. படியெடுக்கும் மென்பொருள் தரவுத்தளத்தோடு பொருந்தாத பழைய பதிப்பு, எடுக்கும்போதெல்லாம் தோற்றது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களோ உரியவரைச் சேரவே இல்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு வேறொரு பணிக்காகக் கையால் எடுத்திருந்த படியே காத்தது. இடையில் பதிவானவற்றுள் பல மீளவில்லை. நிகழ்ந்ததை ஒளிக்காமல் அந்நிறுவனம் வெளியிட்டமை பாராட்டுக்குரியது.

எனவே செலவுக் கணக்கில் வாடகையோடு மீட்புக் கட்டணமும் இடம்பெற வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு படியை வெற்றுக் கணினியில் மீட்டு, பதிவுகளை எண்ணிப் பார்த்தல் நன்று. பல்லாண்டு வைக்கும் படியாயின், வெறும் எழுத்துக் கோப்பாகவும் ஒன்று இருக்கட்டும். எழுதிய மென்பொருள் வழக்கொழிந்த பின்னும் அதனைப் படிக்கலாம்.