கையெழுத்துப் போடுமுன் மொழியைக் கற்போம்!

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் "என்ஜினீயரிங்கா, பி.காமா?" என்று கேட்கிறோம். இரண்டும் இல்லையென்றால் பாஸ்போர்ட் எடுக்கிறோம். ஒரு வெளிநாட்டு மொழியைப் பட்டப்படிப்பாகப் படிக்க வைக்கலாமே என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அரபி என்றால் மதரஸாவோடு சரி. பிரெஞ்சும் ஜெர்மனும் வசதியானவர்களின் பொழுதுபோக்கு. இதுதான் நம் எண்ணம்!

மார்க்கம் என்ன சொல்கிறது? மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாகத் திருக்குர்ஆன் (30:22) எடுத்துக் காட்டுகிறது. நபி (ஸல்) அவர்கள், இளைஞரான ஜைது பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். அரை மாதம் கூட ஆகுமுன் அவர் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. எதற்காக அந்தக் கட்டளை? கடிதம் எழுதவும், வந்த கடிதத்தைப் படிக்கவும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதற்காக!

இன்று நம் நிலை என்ன? சவூதி அரேபியாவின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 9வது பிரிவில், வேலை ஒப்பந்தத்தின் மொழி அரபி என்கிறது. வேறு மொழியும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் அரபி வாசகமே செல்லும். ஆங்கிலத்தில் ஒரு சம்பளம், அரபியில் வேறு சம்பளம் என்றிருந்தால் எது நிற்கும்? யோசித்துப் பாருங்கள். குர்ஆனை அழகாக ஓதும் நம் தம்பி, ஸபர், ஸேர் போடாத அந்தக் காகிதத்தை வாசிக்கத் திணறுகிறார். வாசித்தாலும் பொருள் தெரிவதில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டு விடுகிறார்!

வியாபாரிகளே! சரக்கு எடுக்கச் சீனாவின் குவாங்சோவுக்கும் யிவூவுக்கும் போகிறீர்கள். 1957 முதல் நடந்து வரும் கான்டன் கண்காட்சியில் உங்களுக்காக விலை பேசும் மொழிபெயர்ப்பாளர் யார்? நம் ஆளா, விற்பவரின் ஆளா? ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பொருட்களை வாங்கும் ஜெர்மானியரோடும் இத்தாலியரோடும் அவர்கள் மொழியிலேயே பேச நம்மிடம் எத்தனை பேர் உண்டு?

"கைபேசியே மொழிபெயர்த்து விடுகிறதே" என்பீர்கள். வழி கேட்கவும் சாப்பாடு வாங்கவும் அது போதும். ஒப்பந்த வழக்கில் "கைபேசி அப்படித்தான் சொன்னது" என்றால் எந்த நீதிபதி ஏற்றுக் கொள்வார்?

படிக்க இடமில்லாமலில்லை. சென்னைப் பல்கலைக் கழகத்தில் அரபி, பார்சி, உருதுத் துறை 1927 முதல் இருக்கிறது. 1951இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் அரபித் துறை உண்டு. ஹைதராபாத்தில் 1958இல் ஆங்கிலப் பயிற்சிக்காகத் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக் கழகம். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் அரபி, சீனம், ஜப்பான், ஜெர்மன், ஸ்பானிஷ் முதலான மொழிகளில் பி.ஏ. படிக்கலாம். அந்த மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் எழுத்திலிருந்து கற்றுத் தருகிறார்கள். நுழைவுத் தேர்வுக்குத்தான் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மொழிப் பட்டம் மட்டும் சோறு போட்டு விடாது. மொழியோடு வணிகமோ, சட்டமோ, கணக்கோ சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. மதரஸாவில் ஓதிய தம்பிகளுக்கு இலக்கண அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் பேச்சு அரபியும் வணிகக் கடிதமும் கற்றால் பாதி தூரம் கடந்தவர்கள். வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோர், பெண் பிள்ளைகளை உள்ளூர்க் கல்லூரியிலாவது இத்துறையில் சேர்க்கட்டும். மொழிபெயர்ப்பு வீட்டிலிருந்தே செய்யக் கூடிய தொழில்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவரின் மொழிப் படிப்புச் செலவை ஏற்கட்டும். படித்து வருபவர் வாரத்தில் ஒரு நாள் பள்ளிவாசலில் அமர்ந்து, வெளிநாடு புறப்படுவோரின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லட்டும். படிக்காமல் கையெழுத்திடும் நிலை நம் தலைமுறையோடு ஒழியட்டும்!

அதற்கு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.