ஒட்டகத்தையும் சோதிக்க வேண்டும்

கென்யாவின் வடபகுதியில் ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் ஒரே குட்டையில்தான் நீர் குடிக்கின்றன. பெருமழை பெய்தால், காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கொசு முட்டைகள் பொரிக்கும். ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் கிளம்பும். செம்மறிகளுக்குக் கரு கலையும், இளங்குட்டிகள் மடியும். ஒட்டகமோ பெரும்பாலும் நோயே வராததுபோல் நிற்கும். இரத்தத்தைச் சோதித்தால்தான் கிருமி வந்துபோன தடயம் தெரியும்.

எப்போதும் அப்படித் தப்புவதில்லை. 2010-இல், ஆப்பிரிக்காவின் மறுகோடியிலுள்ள மொரிட்டானியாவின் அட்ரார் பாலைவனத்தில் அரிய கனமழை பெய்தது. பிறகு ஒட்டகங்களும் மாண்டன, மனிதர்களும் மாண்டார்கள். நோயுற்ற பிராணியை அறுப்பவருக்கு அதன் இரத்தமே தொற்றைக் கொடுத்துவிடும். ஆட்டை மட்டும் சோதித்துவிட்டு, ஒட்டகம் திடமானது என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதன் பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர்கள் அங்கே ஏராளம்.