மதிப்பெண் போடும் கை

(கசார்வாடி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளியில் எங்கள் கணக்கு வாத்தியார் பிரம்பால் விளாசுவார். ஆனால் அரை மார்க்கூட அநியாயமாகக் குறைத்ததில்லை. கல்லூரியில் கெமிஸ்ட்ரி பேராசிரியர் அதிர்ந்தே பேசமாட்டார். டைட்ரேஷன் பிராக்டிகலில் ப்யூரெட்டில் கண்ட அளவை அப்படியே எழுதினேன். பக்கத்து மேஜைக்காரன், வரவேண்டிய விடைக்கேற்பத் திருத்தி எழுதினான். அவனுக்கு முழு மார்க், எனக்குப் பாதி. பிரம்படி மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

பின்னாளில் நானும் அதிகாரியாகி, கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் எழுதினேன். எதிர்த்துப் பேசினார் என்ற கோபத்தில், நன்றாக உழைத்த ஒருவருக்குச் 'சராசரி' என்று போட்டேன். அது பாதகமான குறிப்பல்ல என்பதால் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. பதவி உயர்வு மட்டும் தள்ளிப்போயிற்று.

எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தேர்வெழுதியவர் தம் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டப்படி பார்க்கலாம் என்று 2011-ல் தீர்ப்பளித்தது.

இங்கே ஆசிரியர்களும் அதிகாரிகளும் இருக்கிறீர்கள். சட்டம் கேட்கும்வரை காத்திராமல், போட்ட மார்க்கை உரியவரிடம் காட்டிக் காரணமும் சொல்லுங்கள். அன்று அவரை எதிரில் உட்காரவைத்திருந்தால், அந்தச் சொல்லை நான் எழுதியிருக்க மாட்டேன்.