ஒருசாலை மாணாக்கர்

கோப்பாய் முதலிய யாழ்ப்பாணத்து ஊர்களிலே ஒருவர் காலமானால், 31ஆம் நாள் அந்தியேட்டியன்று அவர் நினைவாக ஒரு சிறுநூலை அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. அந்நூலுக்குக் கல்வெட்டு என்று பெயர். குலமரபு, மணம், மக்கட்பேறு, வகித்த பதவி, செய்த திருப்பணி ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறும். ஆனால், பதினைந்து வயதிலே அம்மனிதர் எத்தகையவராக இருந்தார் என்பது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பெற்றோர் முன்னரே மறைந்திருப்பர். மனைவியும் மக்களும் பின்னர் வந்தவர்கள். அதனைச் சொல்லவல்லவர் உடன்கற்றவரே.

இவ்வுண்மையைத் தமிழ் இலக்கண மரபு நன்கு உணர்ந்திருந்தது. தன்னைத்தான் புகழ்தல் தகாது. ஆதலால் நூலாசிரியர் ஒருவருக்குச் சிறப்புப்பாயிரம் செய்யும் உரிமையை அவருடைய ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் என்னும் நால்வருக்கு நன்னூல் அளிக்கின்றது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது வழிவழிவந்த கொள்கை. ஆசிரியர் தம் மாணாக்கனை மேலிருந்து நோக்குவார். மாணாக்கனோ ஆசிரியரைக் கீழிருந்து நோக்குவான். உடன்கற்றவர் மட்டுமே ஒத்த நிலையில் அருகிருந்து நோக்கியவர். ஆகவே அவர் சான்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

இக்கடனைச் செவ்வனே ஆற்றியவர் உ. வே. சாமிநாதையர். அவரும் தியாகராச செட்டியாரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர்கள்; செட்டியார் காலத்தால் மூத்தவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியிலே தாம் வகித்த தமிழாசிரியர் பதவியைச் சாமிநாதையருக்குக் கிடைக்கச் செய்தவர் அவரே. 1888இல் செட்டியார் மறைந்தார். பிற்காலத்தில் சாமிநாதையர் சென்னைத் திருவல்லிக்கேணியிலே தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டார். செட்டியாரின் வரலாற்றையும் நூலாக எழுதினார். நன்றியுணர்வு வீட்டு வாயிலிலே நின்றது. மனிதரோ நூலிலே நின்றார்.

கோப்பாய்க்கு அயலிலுள்ள சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்று, இளமையிற் கோப்பாயில் ஆசிரியராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியபோது, அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. விசுவநாதபிள்ளை அச்செமினரியிலேயே கற்று, அங்கே கற்பித்தவர். வீசகணிதம் என்னும் நூலையும் இயற்றியவர். வட்டுக்கோட்டையிலே மூத்தவராக விளங்கியவர், சென்னைப் பரீட்சையிலே தாமோதரம்பிள்ளைக்கு உடன் மாணாக்கரானார். இன்று தாமோதரம்பிள்ளையைப் பதிப்பாசிரியராகப் பலரும் அறிவர். விசுவநாதபிள்ளையை அறிந்தவர் சிலரே. ஒருவர் புகழ் நிலைப்பதற்கு அவர் ஆற்றல் மட்டும் போதாது. அதனை எடுத்துரைப்பாரும் வேண்டும்.

நம் காலத்திலே இக்கடன் மேலும் பெரிதாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் கையில் எடுத்தவற்றோடு தென்மராட்சியை நோக்கி நடந்தனர். கோப்பாய் மக்களும் அவர்களுள் அடங்குவர். திரும்பியபோது பல வீடுகளிலே வகுப்புப் படங்களும் பரிசுப் புத்தகங்களும் நற்சான்றுப் பத்திரங்களும் இருந்த இடந்தெரியாமற் போயின. ஒரு வாங்கில் அமர்ந்து படித்தவர்கள் இலண்டனிலும் தொறன்ரோவிலும் சிதறி வாழ்கின்றனர். மரணச் செய்தி தொலைபேசியிலே வருகின்றது. அழுவதற்கும் அயலில் ஆளில்லை. எழுத்துச் சான்று அழிந்த இடத்திலே எஞ்சியிருப்பது உடன்கற்றவரின் நினைவு ஒன்றே.

மறைந்தவர் பெயரால் பாடசாலைக்குப் பரிசு நிதி அளித்தல் நல்லறம். எனினும், பரிசு பெறும் சிறுவனுக்கு அப்பெயர் வெறும் ஒலியாக நிற்றலாகாது. அவர் எந்தக் கணக்கிலே தடுமாறினார், யாருக்குத் தம் புத்தகத்தை இரவல் கொடுத்தார், எதற்காக அடிவாங்கியும் தோழனைக் காட்டிக்கொடாது நின்றார் என்று உடன்கற்றவர் ஒரு பக்கம் எழுதி அந்நிதியோடு சேர்த்தல் வேண்டும். புகழ்ச்சி மிகவேண்டா, உண்மை போதும். அதனை வாசிக்கும் மாணவன், தன் பக்கத்தில் இருக்கும் தோழனை அன்றே சற்றுக் கூர்ந்து நோக்குவான்.